குடித்திருப்பவருக்கு இன்ஹேலர் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 36 வயது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. நீல நிற இன்ஹேலர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இரவில் ஒரு தியோஃபிலின் மாத்திரையும் சாப்பிடுகிறான். வார இறுதியில் குடிப்பான். போன மாதம் ஒரு நாள் குடித்துவிட்டு வந்த இரவில் கடுமையான வீசிங். நான் இன்ஹேலரை எடுத்தேன். கூட இருந்த உறவினர் ஒருவர், ‘குடித்திருக்கும்போது இதை அடித்தால் இதயம் நின்றுவிடும், முதலில் போதை தெளியட்டும்’ என்று தடுத்துவிட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். பேச்சு குழறி, கண் சொருக ஆரம்பித்த பிறகுதான் பயந்துபோய் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். அன்று நான் இன்ஹேலர் கொடுத்திருக்க வேண்டுமா? குடிக்கிற நாளில் மருந்துகளை நிறுத்திவிட வேண்டுமா, அல்லது எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும்? அவனுக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். கொடுத்திருக்க வேண்டும். மூச்சு இழுத்துக்கொண்டிருப்பவர் எவ்வளவு குடித்திருந்தாலும் இன்ஹேலரை நிறுத்தி வைக்கக் கூடாது. போதை தெளிய மணிக்கணக்கில் ஆகும். ஆஸ்துமா தாக்குதல் அத்தனை நேரம் காத்திருக்காது. உங்கள் கை சரியான பொருளைத்தான் எடுத்தது. அடுத்த முறை யார் தடுத்தாலும் கேட்காதீர்கள்.

உங்கள் உறவினர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கிவிடுகிறேன், அப்போதுதான் அது உங்களை விட்டுப் போகும். நீல இன்ஹேலரில் இருப்பது சால்புட்டமால். சுருங்கிப்போன மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்துவதுதான் அதன் வேலை. ஐந்து நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். கூடவே இதயத்தையும் கொஞ்சம் வேகமாக அடிக்க வைக்கும், கை நடுங்கும், படபடப்பு வரும். மதுவும் இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியதுதான். விடுமுறை நாட்களில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனைக்கு வருபவர்களைப் பற்றி 1978-லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதி, அதற்கு ‘ஹாலிடே ஹார்ட்’ என்று பெயரும் வைத்தார்கள். ஆக, இரண்டும் சேரும்போது படபடப்பு கூடும் என்பது உண்மை. மருந்தை நுண்துளிகளாக்கி மாஸ்க் வழியாகத் தரும் நெபுலைசரில் திரும்பத் திரும்ப சால்புட்டமால் போகும்போது ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். குடித்து வாந்தி எடுத்தவருக்கு அது ஏற்கெனவே இறங்கியிருக்கலாம். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். இதய நோய் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் விஷயத்தில் மருத்துவமனையில் இதைக் கவனித்து ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுப்பார்கள்.

ஆனால் அந்த நேரத்தில் இதயத்துக்குப் பெரிய ஆபத்து எது? ஆக்சிஜன் குறைவதுதான். மூச்சுக்குழாய் அடைபட்டுக் கிடந்தால் இதயமும் சேர்ந்துதான் தடுமாறும். சில பஃப் (இன்ஹேலரை ஒருமுறை அழுத்துவது ஒரு பஃப்) சால்புட்டமால் தரும் படபடப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. சில ஊர்களில் நீல இன்ஹேலருக்குப் பதிலாக ஸ்டீராய்டும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரையே அவசரத்துக்கும் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதற்கும் இதே பதில்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது வேறு ஒரு வரி. ‘பேச்சு குழறி, கண் சொருக ஆரம்பித்த பிறகுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதையால் மட்டும் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். கடுமையான ஆஸ்துமா தாக்குதலில் நோயாளி களைத்துப்போய், மூச்சை வெளியே தள்ள முடியாமல் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது வருவதும் இதே அறிகுறிகள்தான்: குழப்பம், உளறல், தூக்கக் கலக்கம். மூச்சுத் திணறலில் இதைவிட மோசமான எச்சரிக்கை எங்களுக்குக் கிடையாது. குடிக்காத ஒருவருக்கு இது வந்தால் வீடே பதறி எழுந்திருக்கும். குடித்தவருக்கு வந்தால், ‘விடு, போதையில் தூங்குகிறான்’ என்று போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மதுவுக்கும் அவசர மூச்சு மருந்துக்கும் உடலுக்குள் நடக்கும் சண்டையைவிட இந்த ஏமாற்றம்தான் அதிகம் ஆபத்தானது என்பது என் அனுபவம்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பேச வையுங்கள். எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று ஏதாவது கேளுங்கள். போதையில் இருப்பவர் உளறுவார், சொன்னதையே சொல்வார், ஆனால் நீளமாகப் பேசுவார். மூச்சு முட்டுகிறவரால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. இரண்டு சொல், ஒரு இழுப்பு, மறுபடி இரண்டு சொல். அப்புறம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைப் பாருங்கள். கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபடுகிறதா, தோள்கள் ஏறி இறங்குகின்றனவா, கைகளை முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கிறாரா? வெறும் போதையில் இதெல்லாம் வராது. மது பொதுவாக மூச்சின் வேகத்தைக் குறைக்கும். நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு ஓடினால் அதைப் போதையின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். அதுவரை வேகமாக இரைத்துக்கொண்டிருந்தவரின் மூச்சு, ஆள் தெளியாமலேயே மெதுவானாலும் பயப்பட வேண்டும். ‘விசில் சத்தம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது’ என்று நினைத்து நிம்மதி அடைவார்கள். உள்ளே காற்றே போகாவிட்டாலும் சத்தம் நின்றுவிடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், 92-க்குக் கீழே காட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். நல்ல எண் காட்டுகிறது என்பதற்காக மற்ற அறிகுறிகளை ஒதுக்கியும் விடாதீர்கள்.

இன்ஹேலர் கொடுக்கும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். போதையில் இருப்பவர் கையில் இன்ஹேலரைக் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குலுக்க மாட்டார். மூடியைக் கழற்ற மறந்திருப்பார். அழுத்துவது ஒரு நேரம், மூச்சை இழுப்பது இன்னொரு நேரம். மருந்து முழுக்க நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும், நுரையீரலுக்குப் போகாது. ‘பத்து தடவை அடித்தான் டாக்டர், கேட்கவே இல்லை’ என்பார்கள். உண்மையில் ஒரு பஃப்கூட ஒழுங்காக உள்ளே போயிருக்காது. இதற்கு ஸ்பேசர் வேண்டும். இன்ஹேலரைச் செருகும் அந்த பிளாஸ்டிக் குடுவையைத்தான் சொல்கிறேன். வீட்டில் இல்லையென்றால் முதல் வேலையாக வாங்கி வையுங்கள், முகத்தில் பொருந்தும் மாஸ்க்குடன் இருந்தால் இன்னும் நல்லது. போதையில் உதட்டை இறுக்கி வைத்துக்கொள்வதே பலருக்கு முடியாது.

அவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க விடாதீர்கள். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரு பஃப் அடித்து, சாதாரணமாக நான்கைந்து மூச்சு விடச் சொல்லுங்கள். மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் அடைத்து அடிப்பதில் பயன் குறைவு. இப்படி நான்கு முதல் பத்து பஃப் வரை கொடுக்கலாம். 20 நிமிடத்தில் குறையவில்லை என்றால் திரும்பவும் கொடுக்கலாம். அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்த அவசரத் திட்டம் கையில் இருந்தால் அதன்படியே செய்யுங்கள். பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, தூக்கம் சொக்குகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வந்து சேரும்வரை பஃப் கொடுத்துக்கொண்டே இருங்கள். நினைவு தப்பிவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குடித்தவருக்கு இருமி வெளியேற்றுவது, தொண்டை தானாகத் தடுத்துக்கொள்வது போன்ற அனிச்சைச் செயல்கள் மந்தமாகிவிடும் என்பதால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து அதிகம்.

தாக்குதல் அடங்கிய பிறகும் அவரைத் தனியாகத் தூங்க விடாதீர்கள். மருந்தின் வேகம் நான்கு மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். ஆஸ்துமா இயல்பிலேயே விடியற்காலையில் தலைதூக்கும் நோய். அந்த நேரத்தில் உடம்பில் மது இன்னும் மிச்சம் இருக்கும், மூச்சு முட்டினாலும் சட்டென்று விழிப்பு வராது.

இனி தியோஃபிலின், மூச்சுக்குழாயை விரிய வைக்கும் அந்த இரவு மாத்திரை. நீல இன்ஹேலரைப் பார்த்துப் பயந்த உங்கள் வீட்டில், பயப்பட வேண்டிய மாத்திரை யார் கண்ணிலும் படவில்லை. ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால்தான் அது மருந்து, கொஞ்சம் ஏறினாலும் நஞ்சு. ஒரு மில்லி ரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது பாடப்புத்தகம் சொல்லும் எல்லை, இப்போது பலர் அதற்கும் கீழேயே வைத்துக்கொள்கிறோம். இதைக் கரைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் கல்லீரல் இந்த வேலையில் பின்தங்கிவிடும், அந்த விளைவு 24 மணி நேரம் வரைகூட நீடிக்கலாம். வழக்கமான மாத்திரையையே போட்டிருப்பார், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். கல்லீரல் ஏற்கெனவே கெட்டுப்போனவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்.

அளவு ஏறினால் என்ன ஆகும்? குமட்டல், வாந்தி, தலைவலி, கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை. மறுநாள் காலை ஹேங்ஓவர் என்று சொல்கிறார்களே, அதில் வருவதும் அச்சு அசலாக இவையேதான். அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. போதை தெளியட்டும் என்று கடுங்காப்பி போட்டுக் கொடுப்பார்கள். காப்பியில் இருக்கும் கஃபீனும் தியோஃபிலினும் ஒரே குடும்பம், படபடப்பு இன்னும் கூடும், போதையும் அதனால் ஒரு நிமிடம்கூட முன்னதாகத் தெளியாது. தியோஃபிலின் நஞ்சு முற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும். வாந்தி போன்ற முன்னறிவிப்பு எதுவும் இல்லாமலேயே வலிப்பு வருவதும் உண்டு. ஆகவே குடித்த மறுநாள் உங்கள் தம்பிக்கு வாந்தி நிற்காமல் படபடப்பும் இருந்தால், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போய், ‘இவர் தியோஃபிலின் சாப்பிடுகிறார், நேற்றுக் குடித்தார்’ என்று சொல்லுங்கள். ரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதித்துப் பார்த்துவிடலாம்.

அவர் புகைபிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. புகை தியோஃபிலினை வேகமாக வெளியேற்றும். புகைபிடிப்பவருக்கு அதற்கேற்ப டோஸ் கூட்டியிருப்பார்கள். திடீரென்று புகையை நிறுத்தினால் அதே டோஸ் அதிகமாகிவிடும். நிறுத்துவது மிக நல்லது, ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் தியோஃபிலின் அளவை ஏற்றும்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். கடுமையான தாக்குதலில் சில இடங்களில் அமினோஃபிலின் ஊசியை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அது தியோஃபிலினேதான், வேறு வடிவம், அவ்வளவே. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முழு ஆரம்ப டோஸையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. குடித்ததை மறைக்கவும் வேண்டாம். கூச்சத்தில் ‘ஒன்றும் சாப்பிடவில்லை’ என்று சொல்லும் குடும்பங்கள் எத்தனையோ. குற்றம் கண்டுபிடிக்க நாங்கள் அதைக் கேட்கவில்லை. எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறோம்.

அதே வேகத்தில் இன்னொன்று. குடித்தவர் திமிறுவார், மாஸ்க்கைப் பிடுங்கி எறிவார். ‘தூங்க ஒரு ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர்’ என்று கேட்காதீர்கள். ஆஸ்துமா தாக்குதலில் அந்தத் திமிறல் பல நேரம் ஆக்சிஜன் போதாததால் வருவது. அவரை மயக்கினால் மிச்சமிருக்கும் மூச்சு முயற்சியும் அடங்கிவிடும். வீட்டிலும் அப்படியே: தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை, இவற்றில் எதையும் குடித்த இரவில் தொடக் கூடாது. மது மூளையின் மூச்சுக் கட்டுப்பாட்டை மந்தமாக்கும். இந்த மருந்துகளில் பலவும் அதையே செய்யும். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள முதியவர்களுக்கு இந்தக் கூட்டணி உயிரையே எடுத்துவிடும்.

மறுநாள் தலைவலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று கிடைத்ததைப் போடுவதும் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இந்த வலி மாத்திரைகளே தாக்குதலைக் கிளப்பிவிடும். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு மது குடித்தாலும் மூக்கடைப்பும் இரைப்பும் வருகிறது. உங்கள் தம்பிக்கு ஒவ்வொரு முறையும் குடித்த சிறிது நேரத்திலேயே இரைப்பு வருகிறதா, எந்த பானத்துக்கு வருகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். ஒயினிலும் சில பீர்களிலும் இருக்கும் சல்ஃபைட், ஹிஸ்டமின் போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படியானால் மருந்து பற்றிய கேள்வியே இல்லை, மதுதான் நோயைக் கிளப்புகிறது.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது சில நாட்களுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருப்பார்கள். அந்த நாட்களில் குடித்தால் வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. பாதியில் நிறுத்தவும் கூடாது.

எத்தனை மணி நேரம் இடைவெளி என்று கேட்டிருக்கிறீர்கள். அவசர இன்ஹேலருக்கு இடைவெளியே கிடையாது. தினமும் அடிக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரைக் குடித்த நாளிலும் விடக் கூடாது. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதால் கேட்கிறேன்: உங்கள் தம்பியிடம் அது இருக்கிறதா? வெறும் நீல இன்ஹேலரை மட்டும் நம்பி ஆஸ்துமாவைச் சமாளிப்பதை ‘ஜினா’ என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டிக் குழு 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. 200 பஃப் கொண்ட நீல இன்ஹேலர் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்கிறது என்றால் கடும் தாக்குதலுக்கான வாய்ப்பு கூடுகிறது என்றும் அது சொல்கிறது. தியோஃபிலினுக்கு மட்டும் இடைவெளிக் கணக்கு போட வழியில்லை. மெதுவாகக் கரையும் மாத்திரை, நாள் முழுக்க உடம்பில் இருக்கும். அதைச் சாப்பிடும் காலம் முழுவதும் நிறையக் குடிப்பது கூடாது என்பதுதான் பதில். அவரால் குடியை விட முடியவில்லையென்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி, தியோஃபிலினுக்கு மாற்று கேளுங்கள். இன்று அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன.

கடைசியாக அந்த மாத்திரை. வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். சாப்பாட்டில் கலக்கச் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி கொட்டி, ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சுத் திணறும். ஆரோக்கியமானவரே தாங்க மாட்டார். ஆஸ்துமாக்காரருக்கு அது வந்தால், எதனால் வந்தது என்று தெரியாமல் நீங்களும் அவரும் இன்ஹேலரை அடித்துக்கொண்டிருப்பீர்கள். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து தொடரும். போதாததற்கு டைசல்ஃபிராம் தியோஃபிலின் வெளியேறுவதையும் தடுக்கிறது. நோயாளிக்குத் தெரியாமல் இதைக் கொடுக்கவே கூடாது என்பது அந்த மருந்தின் அடிப்படை விதி.

குடியை விட அவருக்கு மனம் இருந்தால் மனநல மருத்துவர் ஒருவரிடம் அவரையே அழைத்துப் போங்கள். தினமும் குடிக்கும் பழக்கம் வந்திருந்தால் திடீரென்று நிறுத்துவதிலும் நடுக்கம், வலிப்பு என்று ஆபத்து உண்டு, அதற்கும் சிகிச்சை தேவை. நுரையீரல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது போன மாத டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா மாத்திரை அட்டைகள், இன்ஹேலர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இன்ஹேலரை எப்படி அடிக்கிறார் என்று டாக்டர் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் கையால் ஸ்பேசரில் அடித்துப் பழகிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த உறவினரையும் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.